விலை போகாத பாதி: மின்னணுக் கழிவின் செலவு யார் தலையில் விடிகிறது?

பழனி மலைத்தொடரில் கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்கும் கெட்டுப்போன மிக்சிக்கும் வாங்க ஆள் உண்டு. காயலான் கடைக்காரர் தராசில் வைத்து, உள்ளே செம்பு எவ்வளவு தேறும் என்று மனக்கணக்குப் போட்டு, கையோடு பணம் கொடுத்து எடுத்துச் செல்கிறார். அதே வீட்டின் பரணில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் பெட்டித் தொலைக்காட்சியைக் காட்டினால் தயங்குகிறார். இலவசமாகக் கொடுத்தாலும், பின்மூடியைக் கழற்றிச் செம்புக் கம்பிச் சுருளையும் சுற்றுப் பலகையையும் எடுத்துக்கொண்டு, கனத்த கண்ணாடிக் குழாயை விட்டுச் செல்லவே விரும்புகிறார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அந்தக் கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்க வத்தலக்குண்டிலும் ஆள் இல்லை, மதுரையிலும் இல்லை.

இந்தத் தயக்கத்தின் காரணம் விளங்கினால், அண்மையில் செய்திகளில் அடிபட்டுப் பலரைக் குழப்பிய இரண்டு விஷயங்களும் விளங்கிவிடும். முதலாவது, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும் எல்லா வகை மின்னணுக் கழிவுகளையும் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கைத் திருத்தம். அது 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது, வீட்டு உபயோக மின்னணுப் பொருள்களின் மறுசுழற்சிக்காக உற்பத்தியாளர்கள் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று இந்தியாவில் 2024-இல் வகுக்கப்பட்டதும், அதை எதிர்த்துப் பெரிய நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியதும் ஆகும். இரண்டு சிக்கல்களுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு பொருளில் விலை போகாத பகுதியைப் பத்திரமாக அப்புறப்படுத்தும் செலவை யார் ஏற்பது?

எது மின்னணுக் கழிவு

பிளக் அல்லது பேட்டரி கொண்டு இயங்கும் எந்தப் பொருளும், உடையவர் அதை இனி வேண்டாம் என்று ஒதுக்கிய கணத்தில் மின்னணுக் கழிவாகிறது. கைப்பேசியும் கணினியும் மட்டுமே மின்னணுக் கழிவு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், குழல் விளக்கு, மின்விசிறி, பொம்மைக் கார், மருத்துவமனைக் கருவி, சூரிய மின்பலகை ஆகியவையும் இதில் அடக்கம். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகளில் 21 வகைப் பொருள்களே இடம்பெற்றிருந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2022-ஆம் ஆண்டு விதிகள் 106 வகைகளைச் சேர்த்துக்கொண்டன. பேட்டரிகளுக்குத் தனி விதிகள் உள்ளன.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. தலைக்கணக்கில் பார்த்தால் ஏற்றத்தாழ்வு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஐரோப்பாவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 17.6 கிலோ சேர்கிறது, அதில் 42.8 விழுக்காடு முறையாகக் கையாளப்படுகிறது. ஆப்பிரிக்காவில் ஓர் ஆளுக்கு 2.5 கிலோதான் சேர்கிறது, ஆனால் முறையாகக் கையாளப்படுவது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மொத்த அளவில் சீனாவும் அமெரிக்காவும் முதலிரண்டு இடங்களில் இருக்க, ஏறத்தாழ 41 இலட்சம் டன்னுடன் இந்தியா மூன்றாம் இடத்தில் இருக்கிறது.

மலையூர்களில் இந்தக் கழிவுக்கென்று ஒரு தனி முகம் உண்டு. மின்வெட்டுக்காக ஒவ்வொரு விடுதியும் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிகள், காட்டுமாடும் பன்றியும் தோட்டத்துக்குள் நுழையாமலிருக்கப் போடப்படும் சோலார் மின்வேலியின் மின்னேற்றிப் பெட்டிகள், வெந்நீர் கீசர்கள், ஈரப்பதத்தில் பச்சை பூத்துச் செயலிழந்த செட்டாப் பெட்டிகள் ஆகியவை அதில் வரும். இவற்றோடு 2006-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாடு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளும் சேர்கின்றன. அந்தத் திட்டத்தின் கடைசிப் பெட்டிக்கும் இப்போது வயது முடிந்துவிட்டது.

ஒரு பெட்டிக்குள் மூன்று விதமான சரக்கு

எந்த மின்னணுப் பொருளைப் பிரித்தாலும் உள்ளே இருப்பதை மூன்றாக வகுக்கலாம். இந்த வகுப்பு மனதில் நின்றால் மற்றவையெல்லாம் தானாக விளங்கும்.

1. விலை உள்ளவை: செம்பு, அலுமினியம், இரும்பு, சுற்றுப் பலகைகளில் உள்ள தங்கம், வெள்ளி, பல்லேடியம். ஒரு டன் தங்கத் தாதுவில் சில கிராம் தங்கமே கிடைக்கிறது. பேட்டரி நீக்கிய கைப்பேசிகள் ஒரு டன் இருந்தால் அதில் சில நூறு கிராம் தங்கம் இருக்கும். 2022-இன் கழிவில் அடங்கிய உலோகங்களின் மதிப்பு மட்டும் 9,100 கோடி அமெரிக்க டாலர் என்று மேற்சொன்ன அறிக்கை கணிக்கிறது.

2. விலை மிகக் குறைந்தவை: பல வகை கலந்த பிளாஸ்டிக், தீப்பிடிக்காமலிருக்கப் புரோமின் சேர்மங்கள் கலந்த உறைகள், மர உறை, ரப்பர், நுரை.

3. கூடுதல் செலவு வைப்பவை: ஈயம் கலந்த கண்ணாடி, குழல் விளக்கில் உள்ள பாதரசம், குளிர்சாதனப் பெட்டியின் வாயு, ஊதிப்போன லித்தியம் பேட்டரி. இவற்றைப் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டுமானால் யாராவது கைக்காசைச் செலவிட்டே ஆக வேண்டும்.

முதல் வகை, சட்டம் ஏதும் இல்லாமலேயே தன் வழியைத் தேடிக்கொள்ளும். பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வலுவான சேகரிப்பு முறை இருந்துவருகிறது; அதில் உழைப்பவர்களின் திறமையை எந்த நவீன நிறுவனமும் எளிதில் ஈடுசெய்துவிட முடியாது. சிக்கல் முழுவதும் மூன்றாம் வகையில் இருக்கிறது. எந்த நாட்டிலும் அது தானாக நகர்வதில்லை. செலவு எங்கே குறைவோ, கேள்வி கேட்பவர் எங்கே குறைவோ, அங்கேதான் போய்ச் சேர்கிறது.

இதற்குப் படக்குழாயைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பெட்டித் தொலைக்காட்சிக்குள் உயர் மின்னழுத்தத்தில் எலெக்ட்ரான்கள் பாய்வதால் எக்ஸ் கதிர்கள் உண்டாகின்றன. பார்ப்பவர் மேல் அவை படாமல் தடுக்க, குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக ஈய ஆக்சைடு சேர்த்தார்கள். பெட்டி முழுதாக இருக்கும்வரை அந்த ஈயத்தால் தீங்கில்லை. உடைத்துத் தூளாக்கினாலோ, மழைநீர் ஊறும் குப்பைமேட்டில் போட்டாலோ அது சிறிது சிறிதாகக் கசியும். ஒரு காலத்தில் பழைய குழாய்க் கண்ணாடியை உருக்கிப் புதிய குழாய் செய்தார்கள். அதனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. தட்டைத் திரைகள் வந்து புதிய குழாய்க்குத் தேவையே இல்லாமற்போனபோது, நேற்றுவரை மூலப்பொருளாக இருந்தது ஒரே வீச்சில் சுமையாக மாறிவிட்டது. செல்வ நாடான அமெரிக்காவிலேயே, மறுசுழற்சி செய்வதாகக் கட்டணம் வாங்கிச் சேர்த்த பல்லாயிரம் டன் படக்குழாய்க் கண்ணாடி ஒகையோ மாநிலக் கிடங்குகளில் கைவிடப்பட்டது. கையில் தொழில்நுட்பம் இருந்தும் இது நடந்தது. செலவை ஏற்கத் தொடர்ச்சியான ஏற்பாடு இல்லாததே காரணம்.

செல்வ நாடுகள் செலவைக் கட்டும் விதம்

செல்வ நாடுகள் எல்லாம் ஒரே வழியில் செல்வதில்லை. சுவிட்சர்லாந்தில் பொருளை வாங்கும்போதே அதன் விலையோடு மறுசுழற்சிக் கட்டணமும் சேர்த்து வாங்கப்படுகிறது. பிறகு பழைய பொருளை எந்தக் கடையிலும் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கலாம். ஜப்பானில் 2001 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், ஏசி ஆகிய நான்குக்கும் கழிக்கும் நாளில் பயனாளர் கட்டணம் செலுத்த வேண்டும். முன்னதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கணிப்பு. வாங்கும் மகிழ்ச்சியில் சிறு தொகை உறுத்தாது. தூக்கி எறியும் பொருளுக்குக் காசு கேட்டால் அதை இருட்டில் ஓடையோரம் வீசத் தோன்றும், ஜப்பானிலும் அந்தத் தொல்லை இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2003-இலேயே பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியது. 2019 முதல், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாகச் சந்தைக்கு வந்த எடையில் 65 விழுக்காட்டைச் சேகரிக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. பெரும்பாலான உறுப்பு நாடுகள் அதை எட்டவில்லை. அமெரிக்காவில் நாடு தழுவிய சட்டமே இல்லை. பாதி அளவு மாநிலங்களில் மட்டும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. ஆக, சட்டமும் பணமும் உள்ள இடங்களிலேயே பாதிக்கும் மேற்பட்ட கழிவு கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. நழுவியதில் ஒரு பகுதி வீட்டு அலமாரிகளில் உறங்குகிறது, ஒரு பகுதி குப்பையோடு எரிக்கப்படுகிறது, மற்றொரு பகுதி கப்பலேறுகிறது.

கப்பலேறும் வழி

நச்சுக் கழிவை ஏழை நாட்டுக் கடற்கரையில் கொட்டிவிட்டு வரும் வழக்கம் 1980-களில் அம்பலமானது. 1988-இல் நைஜீரியாவின் கோகோ என்ற சிறு துறைமுக ஊரில் இத்தாலியிலிருந்து வந்த நச்சுப் பீப்பாய்கள் ஒரு வீட்டு மனையில் அடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. 1992-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் எளியது: ஆபத்தான கழிவை அனுப்பும் நாடு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பெறும் நாட்டின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே சரக்கு புறப்பட வேண்டும். செல்வ நாடுகளிலிருந்து பிற நாடுகளுக்கு ஆபத்தான கழிவை அனுப்புவதை முற்றிலும் தடை செய்யும் திருத்தம் 1995-இல் ஏற்கப்பட்டும், அதை ஒப்புக்கொண்டு போதிய நாடுகள் சேர்வதற்கு 2019 டிசம்பர் ஆகிவிட்டது. அமெரிக்கா உடன்படிக்கையில் கையெழுத்திட்டதேயொழிய இன்றுவரை உறுதிசெய்யவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கழிவுக்குத்தான் கட்டுப்பாடு, பழைய பொருளுக்கு இல்லை. வேலை செய்யாத கணினியைக் கழிவு என்று எழுதினால் ஒப்புதல் வேண்டும். ‘பயன்படுத்திய கணினி’ என்றோ ‘பள்ளிக்கு நன்கொடை’ என்றோ எழுதினால் வேண்டாம். 2015, 2016 ஆண்டுகளில் நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகங்களில் ஆய்வாளர்கள் நேரில் நின்று சோதித்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் பழைய மின்னணுப் பொருள்கள் வந்திறங்குவதும், அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அறவே வேலை செய்யாதவை என்பதும் தெரிந்தது. அவற்றில் பெரும்பகுதி, விற்பனைக்கு வந்த பழைய கார்களுக்குள்ளும் வேன்களுக்குள்ளும் திணிக்கப்பட்டு வந்திருந்தது.

2025-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கானாவும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து முன்மொழிந்தது. ஆபத்தானது, ஆபத்தற்றது என்ற பாகுபாட்டை அது நீக்கிவிட்டது. இனி எந்த மின்னணுக் கழிவானாலும் பெறும் நாட்டின் முன் ஒப்புதல் தேவை. ‘இது வெறும் பிளாஸ்டிக் உறை, இதில் நஞ்சில்லை’ என்று வாதாடி அனுப்பிய வழி அடைபட்டது. பழைய பொருளுக்கும் கழிவுக்கும் இடையிலான கோடு இன்னும் மங்கலாகவே இருந்தாலும், சுங்க அதிகாரியின் கையில் இப்போது பிடிமானம் இருக்கிறது.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தையும் விலக்க வேண்டும். ஏழை நாடுகளின் குப்பைமேட்டில் இருப்பதெல்லாம் செல்வ நாடுகள் கொட்டியது என்ற சித்திரம் பாதி உண்மைதான். 2022-இல் எல்லை கடந்த 51 இலட்சம் டன்னில், சுமார் 33 இலட்சம் டன் உயர் வருமான நாடுகளிலிருந்து நடுத்தர, குறைந்த வருமான நாடுகளுக்குக் கட்டுப்பாடின்றிச் சென்றது. அது பெரிய அநீதி. ஆனால் உலகின் மொத்தக் கழிவு 6.2 கோடி டன். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சேரும் கழிவில் பெரும்பங்கு, அங்கேயே மக்கள் வாங்கி, பழுதுபார்த்து, நெடுநாள் பயன்படுத்திக் கழித்தது. இறக்குமதியை முழுவதும் நிறுத்தினாலும் கொடைக்கானலின் பரணில் உள்ள பெட்டி அங்கேயேதான் இருக்கும்.

கழிவு போய்ச் சேர்ந்த இடங்களில் நடந்தது

விலை உள்ள பாதியை மட்டும் எடுக்கும் தொழில் மனித உடலை என்ன செய்கிறது என்பதற்குப் பதிவுகள் நிறைய உள்ளன. செம்புக் கம்பியின்மேல் உள்ள பிவிசி உறையை உரிக்க நேரம் பிடிக்கும். கொளுத்தினால் சில நிமிடத்தில் செம்பு கிடைத்துவிடும். பிவிசியில் குளோரின் இருக்கிறது, சூடான செம்பு வினையூக்கியாக நிற்கிறது. டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாக இதைவிட வசதியான சூழல் இல்லை. கானாவின் அக்ரா நகரில் அக்போக்புளோஷி என்ற இடத்தில் இப்படிக் கம்பி கொளுத்திவந்தார்கள். அங்கே மேய்ந்த கோழியின் முட்டை ஒன்றைத் தின்றாலே, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்குத் தாங்கத்தக்கது என்று வகுத்த டையாக்சின் அளவைப்போல 200 மடங்குக்கும் மேல் உடலில் சேரும் என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2021-இல் அந்தச் சந்தை இடித்துத் தள்ளப்பட்டது. தொழில் நின்றுவிடவில்லை, சிதறிப் பல இடங்களுக்குப் போயிற்று.

சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக் குய்யு ஊரில், சுற்றுப் பலகைகளை அடுப்பில் வாட்டி ஈயப் பற்றை இளக்கிச் சில்லுகளைப் பிரித்தார்கள். 2007-இல் வெளியான ஆய்வில் அங்கு சோதிக்கப்பட்ட குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்கு இரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பிறகு அதைச் சரிசெய்ய மருந்தில்லை. தில்லியின் சீலம்பூரும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தும் நம் நாட்டில் இதே வேலைக்குப் பெயர்போனவை.

இதில் பொருளாதார இழப்பும் உண்டு. பெங்களூரில் சிறு பட்டறைகளைப் பார்த்த ஆய்வில், வேதிக் கரைசல்களில் பலகைகளை ஊறவைத்து எடுக்கும் முறையில், அவற்றில் உள்ள தங்கத்தில் கால்பங்கு வரைதான் கிடைத்தது. பெல்ஜியம், ஸ்வீடன், ஜெர்மனி போன்ற நாடுகளின் பெரிய உருக்காலைகளில் 95 விழுக்காடு கிடைக்கிறது. அப்படியானால் பிரிக்கும் வேலையைக் கைத்திறன் உள்ளவர்களிடமே கூலியும் பாதுகாப்பும் தந்து விட்டுவிட்டு, பலகைகளை மட்டும் நல்ல உருக்காலைக்கு அனுப்புவதே அறிவான வழி. காயலான் கடையை மூடுவது எந்த விதத்திலும் தீர்வாகாது.

கொடைக்கானலிலிருந்து திரும்பிப்போன கழிவு

பழனி மலைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1983-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த பழைய பாதரச வெப்பமானி ஆலையின் இயந்திரங்கள் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. செல்வ நாடுகளில் பாதரசத்தின் மேலான கட்டுப்பாடு இறுகிவந்த காலம் அது. ஆலையை நிறுவிய போண்ட்ஸ் நிறுவனம் யூனிலீவர் வசம் சென்ற பிறகு ஆலை இந்துஸ்தான் லீவரின் கீழ் இயங்கியது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, வெப்பமானிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போயின, உடைந்த கண்ணாடியும் கசிந்த உலோகமும் மட்டும் பாம்பார் சோலையின் விளிம்பில் தங்கிவிட்டன.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கிடங்கில் 7.4 டன் பாதரசம் தோய்ந்த கண்ணாடி மூட்டைகளில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஊர் மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் திரண்டதையடுத்து அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-இல், ஆலையில் சேர்ந்திருந்த பாதரசக் கழிவு சுமார் 290 டன், மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று. மண்ணைச் சுத்தப்படுத்தும்போது ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிச்சமிருக்கலாம் என்பதில் 20 என்ற அளவு நிர்ணயிக்கப்பட்டது. ஐரோப்பியக் குடியிருப்புப் பகுதியென்றால் இதை ஏற்பார்களா என்ற கேள்வியைப் போராட்டக்காரர்கள் கடைசிவரை விடவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது.

வெப்பமானி மின்னணுப் பொருள் இல்லைதான். ஆனாலும் இந்த வரலாறு மின்னணுக் கழிவின் வழித்தடத்தை அப்படியே காட்டுகிறது: விலை உள்ளது கடல் கடந்து போயிற்று, செலவு வைப்பது மலையில் தங்கிற்று, தங்கியதைத் திருப்பி அனுப்ப மக்கள் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. மலையில் இது கூடுதல் முக்கியத்துவம் பெறக் காரணம் நீர்தான். பாம்பார் கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்தை நோக்கி இறங்குகிறது; மஞ்சளாறு, மருதாநதி, வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்கெல்லாம் நீர் வருவது இந்த மலையிலிருந்து. மேலே ஓடைச் சரிவில் புதைப்பது எதுவும் மேலேயே நிற்பதில்லை.

இந்திய விதிகள் எங்கே தடுமாறுகின்றன

2022-ஆம் ஆண்டு விதிகளின் மையம் உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு. பொருளை விற்றதோடு உற்பத்தியாளரின் கடமை முடிவதில்லை. பொருளின் சராசரி ஆயுள் முடியும் ஆண்டில், விற்றதில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மறுசுழற்சி நடந்ததாகச் சான்று காட்ட வேண்டும். 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80 விழுக்காடு. உற்பத்தியாளர் தாமே சேகரிக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து சான்றிதழை விலைக்கு வாங்கலாம். செய்தியில் வந்த 22 ரூபாய் என்பது அந்தச் சான்றிதழின் அடிவிலை. விலை மிகவும் தாழ்ந்தால் மறுசுழற்சியாளர் வேலை செய்யாமலேயே காகிதம் விற்கத் தூண்டப்படுவார் என்பது அரசின் வாதம். விலையைச் சந்தைதான் தீர்மானிக்க வேண்டும், இதனால் செலவு பல மடங்கு ஏறுகிறது என்பது நிறுவனங்களின் வாதம். மேலே சொன்ன மூன்றாம் வகைச் சரக்கை நினைத்தால், அடிவிலை தேவை என்ற பக்கமே வலுவாகத் தெரிகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று பேசப்படாமல் இருக்கிறது. சான்றிதழ்கள் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்ற நான்கு உலோகங்களின் அளவை வைத்தே கணக்கிடப்படுகின்றன. நான்கும் தாமாகவே விலை போகும் சரக்கு. ஈயக் கண்ணாடியைப் பத்திரமாக ஒப்படைத்ததற்கோ, குளிர்சாதன வாயுவைக் காற்றில் விடாமல் பிடித்ததற்கோ தனிச் சான்றிதழ் இல்லை. காயலான் கடைக்காரர் ஏற்கெனவே செய்துவந்த வேலைக்குச் சட்டம் ஊக்கத்தொகை தருகிறது. அவர் விட்டுச் செல்லும் கண்ணாடியைச் சட்டமும் விட்டுச் செல்கிறது.

உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இந்த விதிகளில் கடமை உண்டு. பொதுக் குப்பையில் கலந்துவரும் மின்னணுக் கழிவைப் பிரிப்பதும், உற்பத்தியாளர் யாரென்று தெரியாத அநாதைப் பொருள்களைச் சேகரித்துப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதும் அவற்றின் பொறுப்பு. ஆனால் தமிழ்நாட்டில் அத்தகைய ஆலைகள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே உள்ளன. கொடைக்கானலிலிருந்து அது 500 கிலோமீட்டருக்கும் மேல். முதல் பகுதி முழுவதும் மலைச்சாலை.

மலையில் செய்யக்கூடியவை

நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் முறை வந்தது. காட்டில் யானையின் காலைக் கிழித்த கண்ணாடி, கடைக்குத் திரும்பி வரத் தொடங்கியது. விலை இல்லாத ஒரு பொருளுக்கு முன்பணம் வைத்து விலை உண்டாக்கியதே அங்கு நடந்தது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் சோலார் மின்வேலிப் பெட்டிக்கும் குழல் விளக்குக்கும் இதே முறை பொருந்தும், ஏனெனில் அவை கடையில் இன்றும் விற்கப்படுகின்றன.

வீடுகளிலும் விடுதிகளிலும் உடனே கடைப்பிடிக்கத்தக்கவை இவை:

1. படக்குழாயை உடைக்க விடக்கூடாது. பெட்டியைப் பிரிக்காமல் முழுதாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

2. கம்பியைக் கொளுத்தக்கூடாது. குளிர்காலத்தில் தீமூட்டும் இடத்தில் பழைய ஒயரைப் போடும் பழக்கம் கூடவே கூடாது.

3. குழல் விளக்கோ சிஎஃப்எல் விளக்கோ உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் சேர்த்தெடுத்து மூடியுள்ள பாட்டிலில் வைக்க வேண்டும். பெருக்கினால் பாதரசம் சிதறும்.

4. ஊதிப்போன கைப்பேசி பேட்டரியைக் குப்பையில் போட்டால், குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். தூய்மைப் பணியாளரின் கைதான் முதலில் சுடும். தனியாகக் கொடுக்க வேண்டும்.

5. பழுதுபார்க்கும் கடை இருக்கும்வரை அங்கேயே முதலில் செல்ல வேண்டும். ஒரு பொருள் இன்னும் ஐந்து ஆண்டு ஓடினால் அதன் கழிவும் ஐந்து ஆண்டு தள்ளிப்போகிறது.

மீதி இருப்பது அரசு வழங்கிய அந்தத் தொலைக்காட்சிகள். அவற்றுக்கு முன்பணம் வைக்க முடியாது, விற்பனை முடிந்து நெடுநாளாயிற்று. ஆனால் அவற்றைக் கொள்முதல் செய்தது மாநில அரசு. எந்த நிறுவனத்திடம் எத்தனை வாங்கியது என்ற கணக்கு அரசிடம் இருக்கும். ஒரு பெட்டியின் எடை ஏறத்தாழ 10 கிலோ. கிலோவுக்கு 22 ரூபாய் என்ற அடிவிலை அதன் முழு எடைக்கும், கண்ணாடிக்கும் சேர்த்து, கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு பெட்டிக்கு 220 ரூபாய். எடைக் கணக்கில் பத்து டன் லாரி ஒன்றுக்கு ஆயிரம் பெட்டிகள். அதன் மதிப்பு 2,20,000 ரூபாய். கொடைக்கானலிலிருந்து இறக்கும் லாரி வாடகைக்கும், பிரிப்பவரின் கூலிக்கும், எஞ்சிய ஈயக் கண்ணாடியைக் கும்மிடிப்பூண்டியில் உள்ள ஆபத்தான கழிவுகளுக்கான பாதுகாப்பு நிலநிரப்பில் சேர்ப்பதற்கும் அது போதுமான தொகை. ரேஷன் கடைகளுக்கு அரிசி ஏற்றி மேலே வரும் லாரிகளில் திரும்பும்போது இடமிருந்தால் வாடகை இன்னும் குறையும். சான்றிதழ்க் கணக்கில் ஐந்தாவதாகக் கண்ணாடியையும் சேர்த்தால், அந்த லாரியைப் பிடித்துக்கொண்டு முதலில் பரணேறுபவர் காயலான் கடைக்காரராகவே இருப்பார்.